மிச்சமாகும் நொடி யாருக்கு? உற்பத்தி மேலாளர்களுக்கும் தொழிற்பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தி மேலாளர்களே, லைனுக்கு நேரம் குறிக்கும் தொழிற்பொறியாளர்களே,

வணக்கம்.

அசெம்பிளி லைனில் ஆபரேட்டராக நின்று, பிறகு லைன் சூப்பர்வைசராக இருந்தவன் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்றில் சைக்கிள் டைம் (ஓர் ஆள் ஒரு பீஸை முடிக்கும் நேரம்), லைன் பேலன்சிங் (ஸ்டேஷன்களுக்கு, அதாவது ஆட்கள் நிற்கும் இடங்களுக்கு, வேலையைப் பங்கிடுவது), மணிக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கு. இன்னொன்றில் தோள்வலி, முதுகுவலி, மருத்துவ அறைப் பதிவேடு, எப்படிக் குனிய வேண்டும் என்று படம் போட்ட சுவரொட்டி. முதல் கோப்பை நீங்களே தினமும் திறக்கிறீர்கள். இரண்டாவது பாதுகாப்பு அதிகாரியின் அலமாரியில் கிடக்கிறது, ஆடிட் வரும்போது வெளியே வருகிறது. இந்த இரண்டையும் ஒரே கோப்பாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடவே இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. அது கொஞ்சம் கசக்கும், பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. ஃபோர்டு நிறுவனத்தின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் 1913இல் மேக்னெட்டோ (எஞ்சினைப் பற்றவைக்க மின்சாரம் தரும் கருவி) அசெம்பிளியை நகரும் லைனுக்கு மாற்றினார்கள். அதுவரை ஓர் ஆள் தனியாக ஒரு மேக்னெட்டோவைச் சேர்த்து முடிக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆனது. வேலையை 29 பகுதிகளாகப் பிரித்துப் பங்கிட்டதும் அது 13 நிமிடம் 10 நொடியாக இறங்கியது. இதுவரை உங்களுக்குத் தெரியும், படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அடுத்து நடந்ததை அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. 1914இல் அந்த லைனை 8 அங்குலம் உயர்த்தினார்கள். நேரம் 7 நிமிடத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் லைன் ஓடும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து 5 நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இவை ஹென்றி ஃபோர்டு தானே சொன்ன எண்கள். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். வேலையைப் பிரித்ததில் மிச்சமானது 6 நிமிடம் 50 நொடி. ஆட்களைக் குனியவிடாமல் நிற்கவைத்ததில் மிச்சமானது 6 நிமிடம் 10 நொடி. முதலாவதை ஒரு புரட்சி என்று கொண்டாடுகிறோம். இரண்டாவதற்கு 8 அங்குலம் போதுமாக இருந்தது. அதே 1914இல் சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், சேர்க்கும் லைனையும் உயர்த்தினார்கள், அதுவும் இரண்டு உயரங்களில்: தரையிலிருந்து 26¾ அங்குலத்தில் ஒன்று, 24½ அங்குலத்தில் இன்னொன்று. உயரமானவர்கள் ஒரு பக்கம், குள்ளமானவர்கள் இன்னொரு பக்கம் நின்று வேலை செய்தார்கள். ஃபோர்டு இதைத் தொழிலாளியின் முதுகுக்காகச் செய்யவில்லை, எண்ணிக்கைக்காகத்தான் செய்தார். அதனால்தான் இந்த உதாரணத்தை உங்களிடம் சொல்கிறேன்.

நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றும் பல ஆலைகளில் மேசை உயரம் சப்ளையரின் கேட்டலாக்கிலிருந்து வருகிறது. கன்வேயரைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் யார் நிற்கப் போகிறார்கள் என்ற கேள்வியே வருகிறது. இதில் ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் மேசையின் உயரத்தைக் குறிப்பார்கள். ஆனால் கை வேலை செய்வது மேசையின் மேல் அல்ல. மேசைமேல் பேலட் என்ற தாங்குபலகை, பேலட்மேல் பொருளைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சர், ஃபிக்ஸ்சரில் உட்கார்ந்திருக்கும் பொருள், அதன் உச்சியில் ஒரு ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூவின் மேல் நிற்கும் ஸ்க்ரூடிரைவர். மேசை சரியான உயரத்தில் இருக்கும், டிரைவரைப் பிடித்த கையோ தோளுக்கு மேலே நிற்கும். ஆபரேட்டர் முழங்கையை அந்தரத்தில் தூக்கிவைத்துக்கொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்வார்.

அளவுகள் ஒன்றும் ரகசியமில்லை. எல்லாவற்றையும் முழங்கையிலிருந்துதான் அளக்க வேண்டும். கண்ணால் உற்றுப் பார்த்துச் செய்யும் நுண்ணிய வேலைக்குக் கை முழங்கையைவிட 5 முதல் 10 செ.மீ. மேலே இருக்கலாம். சாதாரண அசெம்பிளிக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே. அழுத்தித் தள்ளும் கனமான வேலைக்கு 20 முதல் 40 செ.மீ. கீழே. நின்றால் முழங்கை எங்கே இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஷிப்டில் நிற்கும் மிகக் குள்ளமானவருக்கும் மிக உயரமானவருக்கும் 20 செ.மீ. வித்தியாசம் சர்வசாதாரணம். சராசரி ஆளுக்கு என்று ஒரு மேசை போட்டால் இருவருக்குமே பொருந்தாது. உயரத்தை மாற்றக்கூடிய மேசை வாங்க முடியாவிட்டால் உயரமானவருக்கு ஏற்றபடி மேசையைப் போட்டுவிட்டு, குள்ளமானவருக்குக் காலடியில் ஒரு நிலையான மேடை கொடுங்கள். உயரமானவரைத் தரைக்குள் இறக்க முடியாதே.

இனி உங்கள் சொந்தக் கணக்கேட்டுக்கு வருகிறேன். எம்டிஎம் (மெத்தட்ஸ்-டைம் மெஷர்மென்ட்) அட்டவணை உங்களில் பலருக்கு மனப்பாடம். 1948இல் வெளியான முறை. ஒரு அசைவை டிஎம்யு என்ற அலகில் அளக்கும். ஒரு டிஎம்யு 0.036 நொடி. அதில் குனிவதற்கு 29.0, நிமிர்வதற்கு 31.9. இரண்டும் சேர்ந்தால் 60.9 டிஎம்யு, அதாவது ஏறக்குறைய 2.2 நொடி. பொருளைப் பிடிக்க, எடுக்க, வைக்க ஆகும் நேரம் இதில் இல்லை. ஒரு ஷிப்டில் 450 நிமிட வேலை, 60 நொடிக்கு ஒரு பீஸ் என்றால் 450 முறை. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து பீஸுக்கு ஒரு தடவை பாகம் எடுக்கிறார் என்றால் குனிந்து நிமிர்வதிலேயே ஷிப்டில் 16 நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது. அந்த 16 நிமிடத்தில் ஒரு பாகம்கூடச் சேரவில்லை. ஆனால் 450 தடவை இடுப்பு மடங்கியிருக்கிறது. பெட்டியைச் சாய்வான ஸ்டாண்டில் ஏற்றி இடுப்பு உயரத்தில் வைத்தால் இந்த 16 நிமிடமும் திரும்பி வரும், இடுப்பும் பிழைக்கும். இதை நீங்கள் எந்தக் கோப்பில் வைப்பீர்கள்?

தூக்கும் எடையிலும் அப்படித்தான். ‘பெட்டி 12 கிலோதான், யாராலும் தூக்க முடியும்’ என்று கூட்டத்தில் பேசுவோம். எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்விதான். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் நையோஷ் என்ற அரசு நிறுவனத்தின் சூத்திரம் 23 கிலோவில் ஆரம்பிக்கிறது. அது எல்லாம் உகந்தபடி அமைந்தால்: பொருள் உடலுக்கு ஒட்டி 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், 75 செ.மீ. உயரத்திலிருந்து எடுக்க வேண்டும், உடம்பைத் திருப்பக்கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும், அடிக்கடி தூக்கக்கூடாது. பெட்டி உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் போனால் போதும், வரம்பு பாதியாகி 11.5 கிலோவில் நிற்கும். அதே பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, 45 டிகிரி உடம்பைத் திருப்பியும் தூக்கச் சொன்னால் 7.6 கிலோவுக்கு இறங்கும். எவ்வளவு உயரம் தூக்குகிறார், நிமிடத்துக்கு எத்தனை முறை என்பதையெல்லாம் சேர்க்கும் முன்பே இந்த நிலை. அந்த 12 கிலோ பெட்டியை எடைபோட்டுப் பார்த்தவர்கள், அது பேலட்டின் எந்த மூலையில் கிடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, குனிவதும் தூக்குவதும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கையைத் தூக்கி அசையாமல் பிடித்திருப்பது. அசையும் தசை இறுகித் தளரும்போது ரத்தம் உள்ளே வந்து போகிறது. அசையாமல் இறுகி நிற்கும் தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. கழிவு தேங்குகிறது, தசை கடுக்கிறது, கை லேசாக நடுங்க ஆரம்பிக்கிறது. ஒரு கிலோ எடைகூட இல்லாத டிரைவர் மதியத்துக்கு மேல் கனப்பது இதனால்தான். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் காலுக்கும் இதே கதி. நடந்தால் வலிக்காத கால் நின்றால் வலிக்கிறது.

இது உங்கள் டைம் ஸ்டடியில் பதிவாகாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டாப்வாட்ச் பெரும்பாலும் காலையில் வருகிறது. நல்ல கைவேகம் உள்ள, ஸ்டேஷன் பழகிய ஆளைப் பார்த்து எடுக்கிறார்கள். அவரும் வாட்ச் நிற்கும்வரை எங்கும் நிற்காமல் செய்கிறார். அசதிக்கு என்று ஒரு சதவீதத்தைக் கூட்டுகிறீர்கள், உண்மைதான். ஆனால் தோளுக்கு மேல் கை தூக்கும் ஸ்டேஷனுக்கும் சும்மா லேபிள் ஒட்டும் ஸ்டேஷனுக்கும் அதே சதவீதத்தைப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் ஒரு முறை வாட்சை எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளையும் காலைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அசந்த கை மெதுவாகப் போவதில்லை, அதுதான் பிரச்சினை. கன்வேயர் மெதுவாக விடாது. அதனால் அது வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு தரத்தை விட்டுவிடுகிறது. ஸ்க்ரூ கோணலாக ஏறும், கிளிப் முக்கால்வாசி உட்காரும், கனெக்டர் ‘கிளிக்’ என்ற சத்தம் வரும் முன்பே கை நகர்ந்துவிடும். ஸ்வீடனில் ஒரு கார் அசெம்பிளி ஆலையை ஆராய்ந்து யோர்கன் எக்லுண்ட் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. உடலுக்குக் கடினமான வேலைகளில் தரக் குறைபாடு மற்ற வேலைகளைப்போல மூன்று மடங்கு இருந்தது. உங்கள் ஆலையில் எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்க ஆய்வாளர் யாரும் வேண்டாம். ரீவொர்க் பதிவேட்டை, அதாவது தப்பாகி மறுபடி சரிசெய்த பீஸ்களின் பதிவேட்டை, ஸ்டேஷன் வாரியாகப் பிரியுங்கள். மருத்துவ அறைப் பதிவேட்டையும் அப்படியே பிரியுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நான் உங்களிடம் கேட்கும் முதல் காரியம் இதுதான். ஒரு மதிய நேரம் போதும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பணம் செலவழித்துவிட்டு வலியை வாங்கிவருகிறோம். நட்டை இறுக்கும், துப்பாக்கிப் பிடி போட்ட நட் ரன்னர் நல்ல கருவி, எதிரே நிற்கும் செங்குத்தான பரப்பில் இறுக்கினால். அதே கருவியைக் கொண்டு கீழே கிடக்கும் பரப்பில் மேலிருந்து இறுக்கச் சொன்னால் மணிக்கட்டு வளைகிறது, முழங்கை பக்கவாட்டில் எழும்புகிறது. அங்கே நேரான பிடி வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே மாடல் வாங்கினால் ஸ்பேர் பார்ட்ஸ் சுலபம் என்று ஸ்டோர்ஸ் சொல்லும். சுலபம்தான், மணிக்கட்டுக்கு ஸ்பேர் கிடைக்கும் என்றால். கருவியின் எடையைப் பேலன்சரில் தொங்கவிடலாம். ஸ்க்ரூ இறுகி முடியும் நொடியில் கருவி எதிர்ப்பக்கம் உதைக்கும் உதையைத் தாங்க ரியாக்‌ஷன் ஆர்ம் இருக்கிறது, குறித்த டார்க் (திருகும் விசை) வந்ததும் தானே நிற்கும் கிளட்ச் இருக்கிறது. பேலன்சரை வாங்கி மாட்டிவிட்டு அதன் இழுவிசையைச் சரிசெய்யாமல் விட்ட லைன்களும் உண்டு. அப்போது ஆபரேட்டர் கருவியைத் தூக்குவதற்குப் பதிலாக அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பலம் ஒரு தொல்லை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது ஒரு தொல்லை. இரண்டும் சேர்ந்தால் கூட்டல் கணக்கு பொய்த்துவிடும். சில்வர்ஸ்டைன், ஃபைன், ஆம்ஸ்ட்ராங் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பலமும் திரும்பச் செய்தலும் இரண்டும் அதிகமாக உள்ள வேலைகளில் கை, மணிக்கட்டுக் கோளாறுகளுக்கான வாய்ப்பு, இரண்டும் குறைவாக உள்ள வேலைகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 30 மடங்கு வந்தது. அவர்கள் 30 நொடிக்குக் குறைந்த சைக்கிளைத் திரும்பச் செய்தல் ‘அதிகம்’ என்று வகுத்தார்கள். உங்கள் லைனில் எத்தனை ஸ்டேஷன் 30 நொடிக்குள் இருக்கிறது?

உடம்பைப் போலத்தான் நினைவாற்றலும். 1961இல் ஜப்பானியத் தொழிற்பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ யமாடா எலெக்ட்ரிக் என்ற ஆலையில் பார்த்த பிரச்சினை இது: ஒரு சின்ன பட்டன் சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் போட வேண்டும், ஆட்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ‘கவனமாக இரு’ என்று திட்டுவதுதான் அதுவரை இருந்த வைத்தியம். ஷிங்கோ ஒரு சின்னத் தட்டு வைக்கச் சொன்னார். முதலில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போடு, பிறகு சுவிட்சில் மாட்டு. தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆளின் மூளையில் சுமத்திய பாரத்தை ஒரு தட்டு ஏற்றுக்கொண்டது. கவனக்குறைவு என்று மெமோ கொடுப்பதற்கு முன் இந்தத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கசப்பான விஷயம்.

நான் இருந்த ஒரு ஆலையில் ஒரு ஸ்டேஷனில் பாகங்கள் பின்னாலிருந்த ரேக்கில் இருந்தன. பீஸுக்கு ஒரு தடவை திரும்பி இரண்டு அடி நடந்து எடுத்துவர வேண்டும். அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் காலி அட்டைப்பெட்டியை வெட்டி, முன்பக்கம் எட்டும் தூரத்தில் மாட்டிக்கொண்டார். நடையும் திருப்பமும் போய், சைக்கிளில் சில நொடிகள் மிச்சமாயின. மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள், போட்டோ எடுத்து கைசன் போர்டில், அதாவது ஆட்கள் செய்த சின்னச் சின்ன முன்னேற்றங்களைக் காட்டும் பலகையில், ஒட்டினார்கள். அடுத்த வாரமே ஸ்டாப்வாட்ச் வந்தது. மிச்சமான நேரத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு ஸ்க்ரூவும் ஒரு கிளிப்பும் இவருக்கு மாற்றப்பட்டன. இரண்டு மாதத்தில் பக்கத்து ஸ்டேஷனே காணாமல் போனது. அங்கே நின்ற ஆளை வேறு லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த லைனில் யோசனைப் பெட்டி காலியாகவே இருந்தது. நான் கேட்டபோது அந்த அக்கா சொன்னது: “தம்பி, இனிமே எனக்கு ஒண்ணு தோணினா நான் வாட்ச் போனதுக்கப்புறம் செஞ்சுக்கறேன்.”

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்லும். வீணான அசைவை நீக்கினால் அங்கே பயனுள்ள வேலையை நிரப்பு என்பதுதான் பாடம். ஆனால் அந்த நடை, அந்தத் திருப்பம், வீண் என்று நீங்கள் எழுதிய அந்த மூன்று நொடி, அவருடைய தோளும் மணிக்கட்டும் ஓய்வெடுத்த நேரமாகவும் இருந்தது. அதை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு ஸ்க்ரூவை வைத்தால், முதுகைக் காப்பாற்றி மணிக்கட்டை விற்றதாக ஆகிறது. எர்கோனாமிக்ஸ், அதாவது உடம்புக்கு ஏற்றபடி வேலையை அமைப்பது, என்ற பேரில் செய்த மாற்றம் கடைசியில் ஆளை முன்பைவிட இறுக்கமாகக் கட்டிப்போடுகிறது. ‘எர்கோனாமிக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது லைனுக்கு வந்தாலே ஆட்கள் முகம் மாறுவது ஏன் என்று வியக்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்சின் தகப்பன். பெத்லஹேம் ஸ்டீலில் 92 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 42 கிலோ இரும்புப் பாளங்களைச் சுமக்கும் வேலையை ஆராய்ந்து அவர் எழுதியது என்ன? முதல்தரமான ஆள்கூட நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், 57 சதவீதம் சுமையில்லாமல் இருந்தே ஆக வேண்டும் என்பது. சுமை குறைந்தால் அந்த விகிதம் மாறும் என்றும் சொன்னார். அவரைப் பற்றி எனக்குப் பல புகார்கள் உண்டு, தொழிலாளியை அவர் பேசிய விதம் உட்பட. ஆனால் ஓய்வும் வேலையின் பகுதி என்பதை அவர் கணக்காகவே எழுதிவைத்தார். அவர் வழிவந்தவர்கள் வாட்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஃபோர்டின் கதைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. மேக்னெட்டோ லைன் ஓடத் தொடங்கிய அதே 1913இல் அந்த ஆலையில் ஆட்கள் வந்து போன விகிதம் 370 சதவீதம். மிச்சமான நிமிடமெல்லாம் வேகமாக மாறியது, ஆட்கள் வாசலைப் பார்த்து நடந்தார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கித்தான் அவர்களை நிறுத்திவைக்க முடிந்தது.

‘மிச்சமான நொடியை லைனிலேயே விட்டால் எனக்கு என்ன லாபம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கணக்காகவே சொல்கிறேன். 60 நொடி டாக்ட், அதாவது 60 நொடிக்கு ஒரு பீஸ் லைனை விட்டு வெளியே வர வேண்டும். ஸ்டேஷனில் 57 நொடி வேலையை நிரப்பிவிட்டு 95 சதவீதம் பேலன்ஸ் என்று பெருமையாகக் காட்டுகிறோம். ஆனால் 57 என்பது சராசரி. மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் எடுக்காது. ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 3 நொடி என்று வையுங்கள். வழக்கமான மணிவடிவப் பரவலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பீஸ் 60 நொடியைத் தாண்டும். ஷிப்டில் 450 பீஸ் என்றால் 70 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஆபரேட்டர் கன்வேயரோடு நகர்ந்து பக்கத்து ஸ்டேஷனுக்குள் நுழைவார், அங்கிருப்பவரை இடிப்பார், அவர் தாமதமாகத் தொடங்குவார், அந்தத் தாமதம் கீழே போய்க்கொண்டே இருக்கும். அல்லது அரைகுறையாக முடித்து அனுப்புவார். அதே ஸ்டேஷனில் 54 நொடி வேலை மட்டும் வைத்தால்? தாண்டுவது நூற்றுக்கு இரண்டு மூன்று. ஷிப்டில் 10 தடவை. 70 எங்கே, 10 எங்கே! மூன்று நொடியை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த கூலி அது. உங்கள் பேலன்சிங் சதவீதம் 90க்கு இறங்கியதுபோல் தாளில் தெரியும். ரீவொர்க் மேசையும் லைன் நிறுத்தப் பதிவும் வேறு கதை சொல்லும்.

இப்போது ஒரு நல்ல உதாரணம். ஜெர்மனியில் பிஎம்டபிள்யூவின் டிங்கோல்ஃபிங் ஆலையில் 2007இல் ஒரு சோதனை செய்தார்கள். பத்து வருடம் கழித்துத் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, இப்போதே அந்த வயதுக் கலவையில் 42 பேரைப் பின் அச்சு கியர்பாக்ஸ் லைனில் நிறுத்தினார்கள். ‘உங்களுக்கு எங்கே வலிக்கிறது, என்ன மாற்றினால் நன்றாக இருக்கும்?’ என்று அவர்களையே கேட்டார்கள். சுமார் 70 சின்ன மாற்றங்கள் வந்தன. கான்கிரீட் தரைக்குப் பதில் மரத்தரை, உட்கார்ந்தோ சாய்ந்தோ வேலை செய்யச் சிறப்பு நாற்காலி, பூதக்கண்ணாடி, உயரம் மாற்றும் மேசை, இப்படி. செலவு, ஆட்களின் நேரத்தையும் சேர்த்து, 40,000 யூரோ அளவு. ஒரே வருடத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடி, இளைஞர்கள் நிற்கும் லைன்களுக்குச் சமமாக வந்தது. விடுப்பும் கணிசமாகக் குறைந்தது. ரோபோ வாங்கவில்லை. மரத்தரை போட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 70. ஒரு பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியிலிருந்து 70 குறைகளைக் கண்டுபிடிக்க மாட்டார். கிளிப் எந்தப் பக்கம் வைத்தால் கட்டைவிரல் நோகும் என்பது அதை மாட்டுகிறவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாயைத் திறக்க வேண்டுமானால், திறந்ததற்குத் தண்டனை வராது என்று தெரிய வேண்டும்.

நல்லெண்ணத்தோடு நீங்கள் செய்யும் சில காரியங்களைப் பற்றியும் என் கருத்து. ஷிப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிட உடற்பயிற்சி: செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் மேசையை அப்படியே வைத்துவிட்டுக் கையை நீட்டி மடக்கச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள், எனக்குத் தெரியும், நானும் பின்வரிசையில் நின்று சிரித்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்டேஷன் மாற்றுவது: நல்லது, ஆனால் தோளை வாட்டும் ஸ்டேஷனிலிருந்து தோளை வாட்டும் இன்னொரு ஸ்டேஷனுக்கு மாற்றுவது சுழற்சி ஆகாது. சுழற்சி அட்டவணையில் ஸ்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த உறுப்பு உழைக்கிறது என்று எழுதுங்கள். மிக மோசமான ஒரு ஸ்டேஷனைச் சரிசெய்யாமல் எட்டுப் பேரிடம் சுழற்றினால், ஒருவருடைய வலியை எட்டுப் பேருக்குப் பங்கிட்டதுதான் மிச்சம். உடம்பில் மாட்டிக்கொள்ளும் எக்ஸோஸ்கெலிட்டன் இப்போது கண்காட்சிகளில் கவர்ச்சியாக நிற்கிறது. வேறு வழியே இல்லாத, காருக்கு அடியில் நின்று மேல்நோக்கிச் செய்யும் வேலைகளில் உதவலாம். மற்றபடி ஃபிக்ஸ்சரைச் சாய்க்க முடியுமா என்று பார்க்காமல் ஆளுக்குக் கவசம் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

குட்டி இடைவேளைகள் பற்றிய பயமும் தேவையற்றது. டேட்டா என்ட்ரி செய்பவர்களிடம் நையோஷ் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான இடைவேளை இல்லாத மணி நேரங்களில் கூடுதலாக 5 நிமிடம் கொடுத்தார்கள். நாளில் 20 நிமிடம் வேலை நேரம் குறைந்தது. உடல் அசௌகரியமும் கண் நோவும் குறைந்தன, தட்டிய அளவு குறையவில்லை. அசெம்பிளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, கன்வேயருக்கு ரிலீவர், அதாவது அந்த நேரத்துக்கு நிற்கும் மாற்றாள், வேண்டும். அந்த ரிலீவரைச் செலவாகப் பார்ப்பதா, ரீவொர்க் மேசையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆளாகப் பார்ப்பதா என்பது உங்கள் கையில்.

ஸ்வீடனின் உத்தேவல்லாவை நீங்கள் நினைவூட்டலாம். வால்வோ 1989இல் திறந்த அந்த ஆலையில் சின்னக் குழுக்கள் முழுக் காரையும் சேர்த்தன. 1993இல் மூடப்பட்டது. ‘பார், மனிதநேயம் பேசிய ஆலையின் கதியை’ என்பவர்கள் உண்டு. கார் விற்பனை சரிந்து, ஆலைகளைக் குறைக்க வேண்டி வந்த காலம் அது. அந்தச் சர்ச்சை இன்னும் முடியவில்லை. நான் உங்களிடம் லைனைக் கலைக்கச் சொல்லவில்லை, டாக்டையும் மாற்றச் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் வேலையை மேலே சொல்லிவிட்டேன். அடுத்த மாடலுக்கு லைன் போடும்போது, கன்வேயருக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அட்டையிலும் பலகையிலும் அதே அளவில் ஒரு மாதிரி ஸ்டேஷன் செய்யுங்கள். ஷிப்டின் மிகக் குள்ளமானவரையும் மிக உயரமானவரையும், முடிந்தால் தோள்வலியோடு வேலை செய்யும் ஒருவரையும் கூப்பிட்டு, உண்மையான கருவியைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஃபிக்ஸ்சரை 5 செ.மீ. இறக்க ஒரு ரம்பம் போதும். கன்வேயரை இறுக்கிய பிறகு அதே 5 செ.மீ.க்கு ஆறு மாதக் கடிதப் போக்குவரத்து நடக்கும்.

கடைசியாக, நொடி. ஆபரேட்டரின் யோசனையாலோ எர்கோனாமிக்ஸ் மாற்றத்தாலோ ஒரு ஸ்டேஷனில் மிச்சமாகும் நேரத்தில் குறைந்தது பாதி அந்த ஸ்டேஷனிலேயே இருக்கும், அதை வைத்து யாரையும் லைனிலிருந்து எடுக்க மாட்டோம் என்று ஒரு விதி எழுதுங்கள். ஆறு நொடி மிச்சமானால் மூன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றை விடுங்கள். அதைக் கைசன் போர்டின் உச்சியில், எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். உங்கள் கையெழுத்தும் தொழிலாளர் பிரதிநிதியின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பேசி முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால், அந்த மாடல் ஓடி முடியும் வரை என்பேன்.

இப்படிக்கு,
லைனில் நின்றவன்